சோளக்காட்டுப் பிரிவில் ஒரு வழக்குச் சொத்து

போலீஸ் வண்டி ரோட்டோரம் சும்மா நிற்பதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கிறவர்கள், புதுச்சத்திரம் தாண்டி எங்கள் சோளக்காட்டுப் பிரிவுக்கு வந்து, காலை நேரத்தில் ஒரே ஒரு தடவை ரோட்டைத் தாண்டிப் பார்க்கட்டும். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் நாலுவழிச் சாலை. சேலத்திலிருந்து வருகிறவனுக்கும் தலைபோகிற அவசரம், நாமக்கல்லிலிருந்து வருகிறவனுக்கும் தலைபோகிற அவசரம். மேம்பாலம் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வந்தால் சந்தோஷம்.

பாலம் வரும்வரை எங்களுக்கென்று இருந்தது ஒரு வெள்ளை வண்டி. நெடுஞ்சாலை ரோந்து. பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக வந்து வேப்பமரத்தடியில் நிற்கும். உள்ளே ஏட்டு தங்கசாமி செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே இறங்கக்கூட மாட்டார். இறங்க வேண்டிய தேவையும் இல்லை. தலையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு வைத்த வண்டி நிற்பதைப் பார்த்தாலே போதும், அத்தனை லாரியும் பூனை மாதிரி வரும். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள்.

நான் அந்தப் பிரிவில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அடுத்த கடை சமியுல்லாவுடையது. வண்டிகளுக்குப் பெயர் ஒட்டும் ஸ்டிக்கர் கடை. எங்கள் பக்கத்தில் பெயர் ஒட்டாமல் ஒரு லாரியையும் ரோட்டில் ஏற்ற மாட்டார்கள். குலதெய்வத்தின் பெயர் நெற்றியில், பிள்ளைகளின் பெயர் இரண்டு பக்கமும், ஓட்டுகிறவனுக்கு மிச்சம் இருக்கிற இடத்தில் கண்ணாடி. ஆகவே சமியுல்லாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. தைரியத்துக்குத்தான் குறைவு. காக்கிச் சட்டை என்றால் தபால்காரருக்குக்கூட எழுந்து நிற்கிற மனிதர். அவருக்கு ஒரே மகள், அஃபீபா. எதிர்ப்பக்கத்துப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் தமிழ் புகுந்தது.

அந்த ஆய்வுக் கூட்டத்தில் நான் இல்லை. தங்கசாமி இருந்தார், அவர் சொன்னதைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் டீ குடிக்கும்போது, “ரோந்து ரோந்து என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?” என்று சும்மா கேட்டிருக்கிறார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, பக்கோடாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற எங்கள் உட்கோட்டத்து டி.எஸ்.பி. இளஞ்செழியனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த வாரமே வெள்ளை வண்டி சமியுல்லா கடைக்கு வந்து நின்றது. பின்னாலேயே டி.எஸ்.பி.யும் வந்தார். பார்க்க நல்ல மனிதர்தான். மீசையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார் என்றால் சொற்பொழிவு வரப்போகிறது என்று அர்த்தம்.

“விபத்துகளுக்குக் காரணம் வேகம் என்கிறார்கள். தவறு. சொற்களின் மீது நமக்கிருக்கும் அலட்சியம்தான் காரணம். தன் பெயருக்குப் பொருள் தெரியாத ஊர்தி பொதுமக்களை எப்படிக் காப்பாற்றும்? முதலில் இந்தப் பழைய எழுத்துகளை உரித்தெடுங்கள். புதிய பெயரைக் குழு முடிவு செய்யும்.”

சமியுல்லா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “செஞ்சர்றனுங்க அய்யா. அதுவரைக்கும் வண்டி நம்ம பிரிவுல நிக்குமுங்களா?”

“பெயர் வைக்காத ஊர்தியைப் பணிக்கு அனுப்புவதா? குழு முடிவு செய்யும்வரை உங்கள் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது.”

“நம்பராச்சும் இருக்குதுங்களே அய்யா...”

டி.எஸ்.பி. முகம் சுருங்கிவிட்டது. “எண்ணா? எண் கைதிக்கு உரியது. இன்று முதல் எந்தக் கடிதத்திலும் எந்தப் பதிவேட்டிலும் இந்த ஊர்தியை எண்ணால் குறிக்கக் கூடாது. சுற்றறிக்கை அனுப்புகிறேன்.” சொன்னதோடு விடவில்லை. நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளைத் தாளையும் ஒட்டச் சொன்னார். இதே காரியத்தை மணல் லாரிக்காரன் செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

குழு அங்கேயே அமைந்தது. தலைவர் டி.எஸ்.பி. வல்லுநர், ஓய்வு பெற்ற புலவர் மருதாசலம். களப்பணி உறுப்பினர் ஏட்டு தங்கசாமி. பொதுமக்கள் பிரதிநிதி சமியுல்லா. உட்கார நாற்காலி அவர் கடையில்தான் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை. வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே யோசித்தால்தான் பெயர் வரும் என்பதால் கூட்டம் எல்லாம் கொட்டகையிலேயே நடந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் நான் கேட்டேன். யார் செய்த புண்ணியமோ!

முதலில் ரோந்தை எடுத்தார்கள். புலவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ரோந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது என்பார் சிலர். ஆங்கிலத்து ரவுண்டுதான் தேய்ந்து ரோந்து ஆயிற்று என்பார் சிலர். எப்படியாயினும் கப்பலில் வந்தது.”

“கப்பலில் வந்த சொல்லை நாமக்கல் ரோட்டில் ஓட்டுவதா? நீக்குங்கள்!” என்றார் டி.எஸ்.பி.

அடுத்தது ஜீப். அமெரிக்கப் பட்டாளத்தில் பிறந்த சொல், ஏன் அப்படி வைத்தார்கள் என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது என்றார் புலவர். “அய்யா, இது ஜீப்பே இல்லீங்களே,” என்றார் தங்கசாமி. “அதனால்தான் இன்னும் ஆழமாக ஆராய வேண்டும்,” என்றார் டி.எஸ்.பி.

சீமையில் ஒரு காலத்தில் ரோந்துக் காரை பாண்டா என்று கரடியின் பெயரால் அழைத்தார்களாம். டி.எஸ்.பி.க்கு அதில் ஆசை வந்துவிட்டது. நம் மண்ணுக்கேற்ற விலங்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். புலவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எருமை என்றார்.

தங்கசாமி பதறிப்போனார். “வேண்டாமுங்க அய்யா. லாரிக்காரங்க எங்கள ஏற்கெனவே அப்படித்தானுங்க கூப்பிடறாங்க.”

பிறகு ரோந்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பேட்ரோல் வந்தது. அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. பிரெஞ்சுக்காரர்களின் பழைய சொல் ஒன்றிலிருந்து பிறந்தது, சேற்றில் கால் புதையத் துழாவி நடப்பது என்று மூலப்பொருள் என்றார் புலவர். டி.எஸ்.பி. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சேறு! நம் காவலர்களில் ஒருவராவது பணிக்கு முன் சேற்றில் நடந்திருக்கிறாரா? வேர்ச்சொல்லைக் காலால் உணராதவனுக்குச் சக்கரத்தில் ஏறும் உரிமை ஏது?”

ஜேடர்பாளையம் வாய்க்கால் ஓரத்தில் நடவுக்கு உழுது போட்டிருந்த வயல் ஒன்றைப் பிடித்தார்கள். உட்கோட்டத்துக் காவலர்கள் அத்தனை பேரும் காக்கி பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். டி.எஸ்.பி. வரப்பில் நின்று, “உணருங்கள், உணருங்கள்!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கசாமிக்குச் சர்க்கரை வியாதி, முட்டிவலி வேறு. நடு வயலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தும் அவர் வரவில்லை, அவருடைய செருப்பு மட்டும் வந்தது. வயல்காரர் மட்டும் வரப்போரம் நின்று, “நாளைக்கும் வருவீங்களாங்க? அந்தக் கீழ்வயலும் கெடக்குது,” என்று கேட்டார்.

இதற்கிடையில் சோளக்காட்டுப் பிரிவு எங்கள் கண் முன்னாலேயே பழையபடி பந்தயத் திடலாகிவிட்டது. வண்டி இல்லை என்று தெரிந்ததும் லாரிக்காரர்கள் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி தாறுமாறாக ஓடினார்கள். சமியுல்லாவின் மனைவி இர்பானா தினமும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று தவித்துவிட்டு, திரும்பிவரும்போது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவாள்.

“ஏனுங்க, உங்க கொட்டாயில தூங்கற வண்டிய ரெண்டு எட்டு தள்ளி ரோட்டோரம் நிறுத்தச் சொல்லுங்களே. அதுக்குப் பேரா வேணும்? அங்க நின்னாப் போதுமல்ல?”

சமியுல்லா அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, வியர்த்துக்கொண்டே, அதை அப்படியே சொன்னார். டி.எஸ்.பி. பொறுமையாகக் கேட்டார். “உங்கள் மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாளா?”

“ஆமாங்க அய்யா.”

“அப்படியானால் இது சொந்தப் பிரச்சினை. பொதுமக்கள் பிரதிநிதி சொந்தப் பிரச்சினையைக் குழுவில் எழுப்பக் கூடாது. உட்காருங்கள்.”

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்?

மக்கள் வழக்கையும் கேட்டுவிட வேண்டும் என்று சங்ககிரி லாரி ஸ்டாண்டில் ஒரு கருத்துக் கேட்பு நடந்தது. ஓட்டுநர்களை வரிசையாக நிறுத்தி, பந்தல் போட்டு, மைக் வைத்து, “ரோந்து ஊர்தியை நீங்கள் உங்களுக்குள் எந்தச் சொல்லால் அழைக்கிறீர்கள்? அஞ்சாமல் சொல்லுங்கள்,” என்றார் டி.எஸ்.பி. ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ராசு என்ற, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி டிரைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

“நாங்க அத ஒண்ணும் கூப்பிடறதில்லீங்க. எங்காச்சும் நிக்கறதப் பாத்தா, எதுக்க வர்ற வண்டிக்கு ரெண்டு தடவ லைட்ட அடிச்சுக் காட்டுவோமுங்க. அவன் புரிஞ்சுக்குவான். அவன் அவனுக்கு எதுக்க வர்றவனுக்குக் காட்டுவான். அவ்வளவுதானுங்க.”

“அது என்ன சொல்?”

“சொல்லு இல்லீங்க அய்யா. லைட்டு.”

புலவர் அதையும் குறித்துக்கொண்டார்: ஒலி இல்லாத சொல், இருமுறை ஒளிரும், வேர் தெரியவில்லை. ஆய்வுக்கு உதவிய ஓட்டுநர்களுக்கு வாரக் கடைசியில் நன்றிக் கடிதம் போயிற்று. எதிரே வருகிறவர் கண் கூசும்படி விளக்கு அடித்ததாக ஒப்புக்கொண்டதற்கான அபராதச் சீட்டும் அதே உறையில் இருந்தது.

கொட்டகையில் வண்டியின் தோல் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெயரை முடிவு செய்வார்கள், சமியுல்லா ஒட்டுவார். மறுநாள் ஓர் ஐயம் வரும், சமியுல்லா சூடு காட்டி உரிப்பார். ஒரு தடவை ‘நெடுஞ்சாலைச் சுற்றுக்காவல் நல்லெண்ண நற்பணி ஊர்தி’ என்று வைத்தார்கள். கதவில் தொடங்கிய பெயர் பின்பக்கம் போய், மறுபக்கம் திரும்பி, பெட்ரோல் மூடி மேல் முடிந்தது. முழுப் பெயரையும் படிக்க வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். டி.எஸ்.பி. சுற்றி நடந்து பார்த்தார், பூரித்துப்போனார். புலவர் சுற்றி வருவதற்குள், நற்பணி என்பது ஏற்கெனவே ஒரு ரசிகர் மன்றத்தின் பெயரில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உரித்தாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அது நடந்தது.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டும்போது நாமக்கல் பக்கமிருந்து ஒரு முட்டை வேன் பறந்து வந்தது. பிரேக் அடித்த சத்தத்தில் நான் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு ஓடினேன். வேன் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. தட்டுத் தட்டாக முட்டைகள் சரிந்து ரோடெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளுக்கு நடுவில் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அஃபீபா அசையாமல் நின்றாள். வேனின் முன்சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் இடையில் ஒரு முட்டைத் தட்டைத்தான் வைக்கலாம். குழந்தை அழக்கூட இல்லை. சமியுல்லா ஓடிவந்து தூக்கினார், முட்டையில் வழுக்கி மகளோடு கீழே விழுந்தார், விழுந்தபடியே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். வேன் டிரைவர், “எப்பவும் இங்க பேட்ரோல் நிக்குமே, எதுக்க வர்றவங்க லைட்டு அடிப்பாங்களே, இன்னிக்கு யாரும் அடிக்கலியே!” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நான் கடை திறக்கும்போது கொட்டகை காலியாக இருந்தது. வேப்பமரத்தடியில் வெள்ளை வண்டி நின்றது. கதவில் ஓர் எழுத்துகூட இல்லை, நம்பர் இல்லை, பசை மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. மேலே விளக்கு சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. உள்ளே, காக்கியைக் கண்டால் எழுந்து நிற்கிற சமியுல்லா, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த லாரி வேகத்தைக் குறைத்தது. எதிர்ப்பக்கம் போகிறவனுக்கு இரண்டு தடவை லைட் அடித்தது. அவன் அடுத்தவனுக்கு அடித்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் நாலுவழிச் சாலையே மூச்சை அடக்கிக்கொண்டு நகர்ந்தது. அந்த வண்டிக்குப் பெயர் இருக்கிறதா என்று ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. இர்பானா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மகாராணி மாதிரி நடந்து தாண்டினாள்.

தங்கசாமி தன் மொபெட்டில் வந்து பார்த்தார். வண்டிக்குள் ஏறி சமியுல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “முட்டிக்கு இதமா இருக்குதுங்க,” என்று மட்டும் சொன்னார்.

டி.எஸ்.பி. வர அதிக நேரமாகவில்லை. புலவரும் கூட வந்தார்.

“யார் இதை இங்கே கொண்டுவந்தது?”

“நாந்தானுங்க அய்யா. கொழந்தைங்க தாண்டட்டும்னு...” சமியுல்லா இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“திருட்டு! அரசு ஊர்தித் திருட்டு! தங்கசாமி, எழுதய்யா வழக்கை!”

சமியுல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இர்பானா பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தாள். தங்கசாமி பானெட்டின் மேல் தாளை விரித்தார், பேனாவை உதறினார், தலையை நிமிர்த்தினார்.

“அய்யா, களவு போன பொருளுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்னன்னு எழுதட்டுமுங்க?”

“ரோந்து...” என்று தொடங்கினார் டி.எஸ்.பி.

“கப்பலில் வந்தது,” என்றார் புலவர் மெதுவாக.

“சரி, ஜீப் என்று போடு.”

“இது ஜீப் இல்லீங்களே அய்யா.”

“எண்ணைப் போடய்யா!”

“சுற்றறிக்கைங்க அய்யா. நம்பர் போடக் கூடாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்க.”

அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தால் போகிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சமியுல்லா என் காலை ஓங்கி மிதித்தார். நடுக்கத்திலும் மனிதருக்கு மூளை வேலை செய்திருக்கிறது.

டி.எஸ்.பி. வண்டியைப் பார்த்தார். மீசையைத் தொட்டார். “என் சுற்றறிக்கையை நானே மீறினால் சட்டத்தை யார் மதிப்பார்கள்? அதுவும் அதைப் பாராட்டிச் சென்னையிலிருந்து கடிதம் வந்த பிறகு! பெயர் முடிவான அன்றே வழக்குப் பதிவு, அன்றே கைது. அதுவரை இது வழக்குச் சொத்து. சம்பவ இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட அசையக் கூடாது. நாடா கட்டுங்கள். காவலுக்கு ஒருவர் இருக்க வேண்டும்.”

“நானே இருக்கறனுங்க அய்யா,” என்றார் தங்கசாமி.

“சம்பவ நேரத்தில் அந்த விளக்கு எரிந்ததா?”

“எரிஞ்சுதுங்க.”

“அப்படியானால் தினமும் அந்த நேரத்தில் எரிய வேண்டும். சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது.”

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் வழக்குச் சொத்து நிற்கிறது. காலையும் மாலையும் விளக்கு சுழல்கிறது, தங்கசாமி செல்போன் பார்க்கிறார், லாரிகள் பூனை மாதிரி வருகின்றன. குழுவும் விடாமல் கூடுகிறது, இப்போது வேப்பமரத்தடியில். பிரதிநிதி குற்றவாளியாகிவிட்டால் நீக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லாததால் சமியுல்லா இன்னும் உறுப்பினர்தான். ஒவ்வொரு கூட்ட முடிவிலும், “பொதுமக்கள் தரப்பில் ஏதேனும் ஐயம் உண்டா?” என்று டி.எஸ்.பி. மரியாதையாகக் கேட்கிறார். முன்பெல்லாம் சமியுல்லா இல்லை என்று தலையாட்டுவார். இப்போது ஆட்டுவதில்லை.

போன கூட்டத்தில் நிஜமாகவே ஆபத்து வந்துவிட்டது. ‘வழிக்காவல்’ என்று புலவர் ஒரு பெயர் சொன்னார். அடக்கமான பெயர், கதவில் கச்சிதமாக அடங்கும். டி.எஸ்.பி. எழுந்து நின்று கைதட்டினார். எனக்கே பிடித்துப்போயிற்று; பெயர் முடிவானால் கைது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தங்கசாமி எழுதுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். சமியுல்லா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

“அய்யா, ஒரு சின்னச் சந்தேகமுங்க. வழின்னா வண்டி போற வழிய மட்டும் சொல்றதுங்களா, குறுக்க சனம் நடக்கறதும் வழிதானுங்களா?”

“அருமையான கேள்வி!” என்றார் டி.எஸ்.பி. புலவர் பையைத் திறந்து அகராதியை வெளியே எடுத்தார். அடுத்த கூட்டம் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது.

கூட்டம் கலைந்ததும் இர்பானா மகளோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். கணவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, டி.எஸ்.பி.யின் கார் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

“ஏனுங்க, இவ பன்னெண்டாவது வரைக்கும் இதே பள்ளிக்கூடந்தான். இருக்கிற சந்தேகத்தையெல்லாம் ஒரேயடியாக் கேட்டுத் தீத்துறாதீங்க. சிக்கனமாக் கேளுங்க.”